பழ வண்டியில் அன்னத்தாய்

அன்னத்தாய் தன் இரண்டு காலிலும் யார் துணையும் இல்லாமல் நின்று செய்த கடைசிக் காரியம், நாத்தனார் வைத்த குழம்பைக் குறை சொன்னதுதான்.

கரண்டியை உள்ளங்கையில் கவிழ்த்து நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு இருக்கு, புளி இருக்கு, மொளகா இருக்கு. குழம்பு எங்கத்தா இருக்கு?" என்றாள்.

"பத்து வருசமா என் குழம்பத் தின்டுதான் மதினி ஒங்களுக்கு இம்புட்டு வாய் வளந்திருக்கு," என்றாள் மலையம்மாள்.

சிரித்துக்கொண்டே சட்டியை மூடத் திரும்பினாள் அன்னத்தாய். உடம்பு திரும்பியது. இடது கால் திரும்பவில்லை. அலமாரியை எட்டிப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. மூடி மட்டும் உருண்டு போய்ச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது.

முகம் வெளுத்துவிட்டது. நெற்றி முழுக்க வேர்வை. அப்படியும் வாய் அடங்கவில்லை.

"டாக்டரம்மா சொன்னது சரிதான். உள்ள ஒண்ணுமே இல்ல போலருக்கு."

மலையம்மாள் அவளை இடுப்போடு அணைத்துக் கட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். படுக்க வைத்துவிட்டு, உருண்டு போன மூடியை எடுத்துச் சட்டியை மூடினாள்.

வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு அந்தக் காலைப் பற்றித் தெரியும். இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் முதன்முதலாக நுழைகிறவர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள்.

ஏழு வருடங்களுக்கு முன்னால் மதுரையில் அன்னத்தாயின் ஒரு மார்பை எடுத்தார்கள். ஊருக்கு அது 'நெஞ்சில் ஒரு கட்டி'. அதன்பின் நெடுநாள் மாத்திரை சாப்பிட்டாள். உடம்பு தேறிவிட்டது என்றே எல்லோரும் இருந்தார்கள். 2003 தீபாவளிக்குப் பிறகு தொடையில் வலி ஆரம்பித்தது.

சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்குள் வேலை செய்கிற யாருக்குத்தான் வலி இல்லை? நாள் முழுக்க அண்ணாந்து, கையைத் தூக்கியபடி கவாத்து வெட்டுகிறவர்களுக்குக் கழுத்தும் இடுப்பும் தொடையும் சொந்தமாக இருப்பதில்லை. பந்தல் வலி என்று சொல்லித் தைலம் தேய்ப்பார்கள். அன்னத்தாய்க்கும் அப்படித்தான் தேய்த்தார்கள். ஆனால் பந்தல் வலி படுத்தால் குறையும். இது படுத்தால் கூடியது. அந்த வித்தியாசத்தைத் தை, மாசி இரண்டு மாதமும் அந்த வீட்டில் யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் ஏதோ ஒரு வலி இருந்ததால், அவளுடைய வலி அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொண்டது.

சென்ற வாரம் மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பில், முதுகில், தொடையில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். தொடை எலும்பு பாதிக்கு மேல் அரித்துவிட்டது. அது தானாக முறிவதற்கு முன்னால் உள்ளே கம்பி வைக்க வேண்டும்; பிறகு கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும்; வியாழக்கிழமை வந்து சேருங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. அதுவரை அந்தக் காலை யாரும் இழுக்கவோ முறுக்கவோ தேய்க்கவோ கூடாது என்றும் சொன்னார்.

இன்றைக்குப் புதன். நாளைக் காலைக்குக் கார் பேசியிருந்தது.

வெயில் ஏறுகிற நேரத்தில் கம்பத்திலிருந்து வைகுண்டராஜ் வந்து இறங்கினார். அன்னத்தாயின் கணவர் பொன்னுராஜுக்கு அண்ணன். அந்த வீட்டில் எந்த முடிவும் அவர் வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் முடிவாகும். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

உட்காரும்போதே சொன்னார். "கார்க்காரன்கிட்ட வர வேணாம்டு சொல்லிட்டு வாரேன்."

பொன்னுராஜ் துண்டின் நுனியைத் திருகினார். "நாளைக்கு ஆசுபத்திரியில சேரணும்ண்ணே..."

"எதுக்கு? எலும்புக்குள்ள போயிருச்சுன்டு அவுகளே சொல்லிட்டாக. அதுக்கு மேல கத்திய வச்சா ஒடம்பெல்லாம் பரவிரும். என் மச்சினன் கதை ஒனக்குத் தெரியாதா? நடந்து போனான். தூக்கிட்டு வந்தோம்."

மதுரையிலிருந்து அந்த மச்சினனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். வைகுண்டராஜ் கல் நெஞ்சுக்காரர் இல்லை. பயந்தவர். பயத்தை அதிகாரமாகப் பேசிப் பழகியவர்.

"மொதல்ல நெஞ்சுல புத்து. இப்ப எலும்புல இன்னொரு புத்து. ஒரு பொம்பளைய எத்தன எடத்துலதான்டா வெட்டுவீக?"

"இன்னொண்ணு இல்ல அத்தான். அதேதான் இது."

குரல் உள்ளறையிலிருந்து வந்தது. அண்ணன் தம்பி இருவரும் மலையம்மாளும் திரும்பினார்கள். கணவரின் அண்ணனோடு அன்னத்தாய் நேருக்கு நேர் பேசுகிறவள் இல்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பாள். சொல்ல வேண்டியதை மலையம்மாளிடம் சொல்லி, மலையம்மாள் அவரிடம் சொல்வதுதான் வழக்கம். அன்றைக்கு, திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலில் படுத்தபடியே பேசினாள்.

"நம்ம தோட்டத்துப் பன்னீர்த் திராட்சைக் குச்சிய வெட்டிக்கொண்டு போயி ஆனமலையான்பட்டியில நட்டாகள்ல? அங்கன என்ன காச்சுச்சு? பன்னீர்தான? மண்ணு வேறங்கிறதுக்காக வேற பழமா காச்சிருச்சு? நெஞ்சுல இருந்தது ரத்தத்தோட போயி எலும்புல வேர் பிடிச்சிருக்கு. எலும்புல இருந்தாலும் அது நெஞ்சுப் புத்துதான். மருந்தும் அதுக்கான மருந்துதான். டாக்டரம்மாகிட்ட இப்பிடியாம்மான்டு கேட்டேன். ஆமான்டாக."

வைகுண்டராஜ் பதில் தேடினார். கிடைத்தது.

"சரி, அதேதான். முழுசாப் போயிரும்டு சொன்னாகளா?"

"போகாதுன்டுதான் சொன்னாக."

"பெறகென்ன?"

"போகாததோட இருக்கலாம்டும் சொன்னாக. வருசக் கணக்கா இருக்கிறவுக இருக்காகளாம். இருக்கிற வரைக்கும் நான் நடக்கணும் அத்தான். கக்கூசுக்கு ஒருத்தி தோளப் பிடிச்சுக்கிட்டுப் போகக் கூடாது. அதுக்குத்தான் கம்பி."

"கத்தி பட்டாப் பரவும்ங்கிறேன்."

"கால்ல கத்தி படாமத்தான இம்புட்டுத் தூரம் வந்திருக்கு?"

மலையம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வைகுண்டராஜ் எழுந்துவிட்டார். பதில் இல்லாதபோது எழுந்துவிடுவது அவர் பழக்கம். "சாயங்காலம் எலும்பு வைத்தியர வரச் சொல்லியிருக்கேன். கால இழுத்து நேராக்கி, மூங்கில் வச்சுக் கட்டிருவாரு. அசையாம படுத்திருக்கட்டும். வாடா, தோட்டத்தப் பாத்துட்டு வருவோம்."

'இழுத்து' என்ற சொல்லைக் கேட்டதும் அன்னத்தாயின் கை கட்டில் சட்டத்தை இறுகப் பற்றியது.

அவள் கணவரைப் பார்த்தாள். பொன்னுராஜ் அவளைப் பார்த்தார். பிறகு அண்ணனின் முதுகைப் பார்த்தார்.

"சரிண்ணே," என்று பின்னாலேயே போய்விட்டார்.

மலையம்மாள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள்.

"ஏத்தா மலை," என்றாள் அன்னத்தாய். "இன்னைக்கு மேலத் தோட்டத்துல பழம் வெட்டுறாகளா?"

"ஆமா."

"கர்ணன் வண்டிதான?"

"ஆமா. இப்ப எதுக்கு அது?"

"போயி அவன்கிட்டச் சொல்லு. இன்னைக்கு ஒரு பெட்டி கூட வருதுன்டு."

மலையம்மாளுக்கு விளங்கச் சற்று நேரமானது. அந்தப் பெட்டி மதினிதான் என்று விளங்கியதும் எழுந்துவிட்டாள். "கம்பத்துக்குப் போன் போட்டு ஆம்புலன்சு வரச் சொல்லுவோம் மதினி."

"அது ஊளையிட்டுக்கிட்டே வரும். பெரியவுக தோட்டத்துல இருந்தே கேட்டுட்டு முன்னால வந்து நிப்பாக. அதுவும் போக, ஆம்புலன்சுக்காரன் ஓட்டுற ஓட்டுல மதுரைக்கு நான் ரெண்டு துண்டாத்தான் போயிச் சேருவேன். திராட்சைய நசுக்காமக் கொண்டு போறவன் என்னைய முறிக்க மாட்டான். போ."

பன்னீர்த் திராட்சைக்குத் தோல் மெல்லிசு. ஒரு பள்ளத்தில் விட்டால் போதும், மதுரை போய்ச் சேர்வதற்குள் பெட்டிக்கு அடியில் சாறு ஒழுகும். அதனாலேயே வியாபாரிகள் பழ லாரி ஓட்டும் கர்ணனையே கேட்டு அழைத்தார்கள். கோழி குறுக்கே வந்தால் அது யோசித்து முடிக்கும் வரை நிற்பான் என்று அவனைக் கேலி செய்வார்கள். அவன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வான்.

மலையம்மாள் போனபோது அவன் வண்டியின் தளத்தில் வைக்கோல் விரித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"யக்கா, பழத்துக்கு மேல ஆள ஏத்துனா ஏவாரி என்னையக் கொன்னுருவான்."

"மேல இல்ல. நடுவுல."

"பெரியவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பொன்னுராஜண்ணனுக்கு?"

"தெரியாது."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்கு யக்கா தெரியப்படுத்துற?"

மலையம்மாள் சிரிக்கவில்லை. "சாயங்காலம் கால இழுத்துக் கட்ட ஆள் வருது கர்ணா. இழுத்தா முறிஞ்சிரும். முறிஞ்சா அவுக எந்திரிக்க மாட்டாக."

கர்ணன் வைக்கோலைப் பார்த்தான். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான்.

"எந்தக் காலு?"

"எடது."

"பின் சக்கரத்துக்கு மேல படுக்க வைக்கக் கூடாது. அங்கனதான் தூக்கிப் போடும். கேபின ஒட்டி எடம் விடுறேன். மெத்தை கொண்டாங்க. பழைய சேலை இருந்தாலும் கொண்டாங்க, காலு உருளாம அண்டக் குடுக்கணும்." அடுத்த வைக்கோல் கட்டைப் பிரித்தான். "வெயில் ஏறுது. வெரசா."

பழம் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள். மலையம்மாள் ஒருத்தியிடம்தான் சொன்னாள்; வந்தது ஆறு பேர். அன்னத்தாயைக் கட்டிலோடு தூக்கினார்கள்.

தெருவில் கட்டில் வருவதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அன்னத்தாயீ, போயிட்டியா!"

கட்டிலிலிருந்து பதில் வந்தது. "இன்னும் இல்ல. மதுரைக்குத்தான் போறேன். ஏதாச்சும் வேணுமா?"

தூக்கிய பெண்கள் சிரித்ததில் கட்டில் ஆடியது. அன்னத்தாய் பல்லைக் கடித்தாள். "சிரிக்காமத் தூக்குங்கடி. தோள்ல ஏத்தாதீக, இடுப்போட பிடிங்க. தோள்ல ஏத்துனா கொட்டுக்காரக வந்துருவாக."

வண்டியில் ஏற்றும்போது ஒரே ஒரு தடவை அவள் கத்தினாள். மற்றபடி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் துளிர்த்திருந்தது. கர்ணன் இரண்டு பக்கமும் பழப்பெட்டிகளைச் சுவர்போல் அடுக்கினான். காலுக்கு இரு புறமும் சேலைகளைச் சுருட்டித் திணித்தான். ஒவ்வொரு பெட்டியையும் தட்டிப் பார்ப்பதுபோல் அந்தச் சுருட்டையும் தட்டிப் பார்த்தான்.

வண்டி மண் பாதையிலிருந்து தார் ரோட்டில் ஏறப் போன இடத்தில் வைகுண்டராஜ் நின்றார். பக்கத்தில் பொன்னுராஜ். யாரோ ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார்கள்.

"எறக்குங்க," என்றார் வைகுண்டராஜ்.

கர்ணன் பிரேக்கை அழுத்தினான். இஞ்சினை நிறுத்தவில்லை.

மலையம்மாள் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து நின்றாள். நாற்பத்து மூன்று வயதில், பெரிய அண்ணனை அவள் மேலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எறக்க மாட்டோம்ண்ணே."

"என்ன சொன்ன?"

"மயிலாடும்பாறையில எங்க வீட்டுக்காரவுகளுக்குக் காய்ச்சல் வந்தப்ப எல்லாரும் கூடிக் கூடிப் பேசுனீக. தேனிக்குக் கொண்டு போவமா, வேணாமா? பேசி முடிக்கையில அவுக முடிஞ்சிட்டாக. நான் ஒரு வார்த்தை பேசல. காப்பி போட்டுக் குடுத்தேன், எல்லாருக்கும்." பக்கத்துப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கும் பேசுங்க. நல்லாப் பேசுங்க. நாங்க போயிட்டு வாரோம்."

வைகுண்டராஜின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார்.

அதற்குள் பெட்டிகளுக்கு இடையிலிருந்து அன்னத்தாயின் குரல் கேட்டது. "அத்தான், பழம் வெயில்ல நிக்குது."

கம்பம் பள்ளத்தாக்கில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. பழம் ஏற்றிய வண்டியை யாரும் மறிப்பதில்லை. கல்யாண ஊர்வலம் ஒதுங்கும். பகையாளி ஒதுங்குவான். வெயிலில் நின்ற பழத்துக்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வைகுண்டராஜ் சின்ன வயதிலிருந்து பந்தலுக்குள் வளர்ந்தவர்.

அவர் மனசு இடம் கொடுத்ததா என்று மலையம்மாளால் சொல்ல முடியாது. ஆனால் அவர் கால் நகர்ந்தது. தன்னையறியாமல் ரோட்டோரத்துக்கு ஒதுங்கினார். ஒதுங்கிய பிறகுதான் ஒதுங்கிவிட்டது அவருக்கே தெரிந்ததுபோல் திகைத்து நின்றார்.

கர்ணன் கியர் போட்டான். வண்டி தார் ரோட்டில் ஏறியது.

"ஒங்க சின்ன அண்ணன் ஏறுனாகளா?" என்று கேட்டாள் அன்னத்தாய்.

"இல்ல மதினி. அங்கனயே நிக்கிறாக."

"நிக்கட்டும்."

வண்டி உத்தமபாளையம் தாண்டியது. பெட்டிகளின் இடுக்கு வழியாக அன்னத்தாயின் நெற்றியில் வெயில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. வேகத்தடை வரும்போதெல்லாம் கர்ணன் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினான். பின்னால் வந்த பஸ் ஹாரனை அலற விட்டது. கர்ணன் கையை வெளியே நீட்டி, வேண்டுமானால் மேலே ஏறிப் போ என்று காட்டினான்.

"பயமா இருக்கா மதினி?"

"இருக்காதா? கம்பிய எப்பிடி உள்ள விடுவாகளோ. சுத்தியல வச்சு அடிப்பாகளோ என்னமோ." கண்ணை மூடிக்கொண்டாள். "பயத்தோடயே போவோம். அதுக்கும் சேத்துத்தான கர்ணன் எடம் விட்டிருக்கான்."

வீரபாண்டியில் ஆற்றுக் காற்று கொஞ்சம் வந்தது. தேனியில் கர்ணன் இறங்கி, இரண்டு பக்கமும் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தான். அன்னத்தாயின் காலுக்கு அண்டக் கொடுத்திருந்த சேலையையும் இறுக்கினான். மலையம்மாள் சோடா வாங்கி அவள் வாயில் சிறிது சிறிதாக ஊற்றினாள். அப்போதுதான் வீட்டிலிருந்து கூடவே வந்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"ஆபரேசனுக்கு ஆம்பளக் கையெழுத்துக் கேப்பாகளே மதினி. போன தடவ எடுக்கையில சின்ன அண்ணன்தான் போட்டாக."

"காலு யாருது?"

"ஒங்களுதுதான்."

"அப்ப நான் போடுறேன்."

"ஒத்துக்குவாகளா?"

அன்னத்தாய் சோடாவை விழுங்கினாள். "மொதல்ல போயிச் சேருவோம்த்தா," என்று மட்டும் சொன்னாள்.

ஆண்டிபட்டி தாண்டி, கணவாய் ஏற்றம் தொடங்கியது. இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்தது. பின்னால் ஒரு பைக்கின் ஹாரன் விட்டுவிட்டுக் கேட்டது. மலையம்மாள் பெட்டிகளுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள்.

பொன்னுராஜ். தலையெல்லாம் புழுதி. காற்றில் துண்டு பறந்து போயிருக்க வேண்டும்; தோள் வெறுமையாக இருந்தது. அவருக்குப் பின்னால் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. பொன்னுராஜின் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை உயர்த்தி அசைத்தார். நிறுத்து என்கிறாரா, இருங்கள் நாங்களும் வருகிறோம் என்கிறாரா, அந்தத் தூரத்தில் அவளுக்குப் புலப்படவில்லை.

"சின்ன அண்ணன் வர்றாக மதினி. பெரியண்ணனும் கூட வர்றாக."

கேபினுக்குப் பின்னால் இருந்த சின்ன ஜன்னல் வழியாகக் கர்ணன் கேட்டான். "யக்கா, ஓரங்கட்டவா?"

மலையம்மாள் அன்னத்தாயைப் பார்த்தாள். அன்னத்தாயின் கண்ணில் நீர் கோத்து நின்றது. வலியால் வந்ததாகவும் இருக்கலாம்.

"கட்டாத," என்றாள் அன்னத்தாய். "ஏத்தத்துல நிறுத்துனா வண்டி பின்னாலதான் ஓடும். வர்றவுக மதுரைக்கு வரட்டும்."

கர்ணன் முன்னால் திரும்பிக்கொண்டான். வளைவில் வண்டி முனகியது. இரண்டாம் கியருக்கு மாறியது.

பாரம் ஏற்றிய வண்டிகள் இன்றைக்கும் அந்த இடத்தில் நிற்காமல் இரண்டாம் கியரில்தான் ஏறுகின்றன.